பட்டம் கிடைக்கும்வரை சண்டை

காலிதீனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். அமைதியானவர், அதிர்ந்து பேசமாட்டார், சீமைக்குப் போய்ச் சமாதானத்திலேயே எம்.ஏ. முடித்தவர். இப்போது கொழும்பில் இருக்கிறார். குளிரூட்டிய ஹோட்டல் மண்டபங்களில் பெரிய தாள்களைச் சுவரில் ஒட்டி, வட்டம் வட்டமாகக் கீறி, சண்டை பிடிக்கிறவர்களை எப்படிச் சேர்த்து வைப்பது என்று வகுப்பு எடுக்கிறார். எண்பத்தைந்தில் எங்கள் பக்கத்துத் தெருக்கள் எரிந்தபோது அவர் வெளிநாட்டில் ஒரு மகாநாட்டில் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வயது நெருங்குகிறது, இன்னும் தனி ஆள்.

நான் அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் அந்த எம்.ஏ.யை முடிப்பதற்காக எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் மரியாதைக்காக வாயைத் திறப்பதில்லை. எனக்கு அந்த மரியாதை கொஞ்சம் மட்டு.

நான் நிந்தவூரான், கணக்கு வாத்தியார். சாய்ந்தமருதில் நிறைய வயல் வைத்திருந்த ஆதம்பாவா போடியாரின் மூத்த மகள் சுஹறாவைக் கலியாணம் முடித்தவன். எங்கள் கிழக்குக் கரையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். அப்படி வந்து சேர்ந்த நாளிலிருந்து மாமனார் வீட்டில் நடக்கிற எல்லாவற்றுக்கும் நான் சாட்சி. எதைப் பற்றியும் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

சுஹறாவின் தங்கையின் பெயர் சித்தி லைலா, வீட்டில் லைலா. அவளை அவளுடைய தாய்மாமன் பக்கீர் முகைதீனின் மகன் காலிதீனுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவள் பேரில் எங்கள் வளவுக்குள் ஒரு கல்வீடும் கட்டியாகிவிட்டது. காலிதீன் படித்து முடித்து வந்ததும் கலியாணம். அதுவரைக்கும் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் லைலா கதவைத் திறந்து, கூட்டி, யன்னல்களைத் துடைத்துவிட்டு மறுபடி பூட்டுவாள். யாரும் புழங்காத வீட்டில் இவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் கேட்பாள்.

காலிதீன் பேராதனையில் படித்துவிட்டு வந்து, கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பதில் இங்கிலாந்துக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. வடக்கே, கம்பளி ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நகரத்துப் பல்கலைக்கழகம். பாடம், சமாதானமும் முரண்பாட்டுத் தீர்வும்.

ஊருக்கு இது விளங்கவில்லை. டொக்டர் படிப்பு விளங்கும், கோர்ட்டில் வாதாடுகிற அப்புக்காத்துப் படிப்பு விளங்கும். சமாதானம் என்றால் ஊருக்குத் தெரிந்தது சமாதான நீதவான் அப்துல் கபூர் ஒருவர்தான். ஜேபி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் ரப்பர் முத்திரையோடு உட்கார்ந்திருந்து, பிறப்புச் சான்றிதழ் பிரதிகளுக்குக் கையெழுத்து வைப்பார்.

"அதுக்கு என்னத்துக்கு மனே சீமைக்குப் போகோணும்?" என்று அவரே காலிதீனிடம் கேட்டார். "நான் படிச்சது எட்டாம் வகுப்பு. அரசாங்கக் கச்சேரிக்கு ஒருக்கா போய்த்து எடுத்துத்து வந்தன்."

"இது அது இல்ல ஜேபி காக்கா. சண்ட ஏன் வருது, எப்பிடி வளருது, எப்பிடி முடியுது எண்டு ஆராயிற படிப்பு."

"ஆராஞ்சி?"

"ஆராஞ்சி எழுதோணும்."

"எழுதினா சண்ட முடிஞ்சிருமா?"

காலிதீன் சிரித்தார். விளங்காதவர்களைப் பார்த்து இரக்கத்தோடு சிரிக்கிற அந்தச் சிரிப்பு சீமைக்குப் போக முன்பே அவரிடம் இருந்தது. அதை அங்கே கற்றுக்கொண்டார் என்று சொல்வது அநியாயம்.

அவர் அங்கே இருக்கும்போது, எண்பதாம் ஆண்டு சிறுபோகத்தில், இங்கே ஒரு எருமை படுத்தது.

சவளக்கடை வட்டையில் என் மாமனார் ஆதம்பாவாவின் வயலும் பக்கீர் முகைதீனின் வயலும் அடுத்தடுத்து இருந்தன. மேட்டில் பக்கீருடையது, பள்ளத்தில் மாமனாருடையது. மேலிருந்து வருகிற தண்ணீர் வரம்பில் வெட்டிய வக்கடை வழியாகத்தான் கீழே இறங்கும். பக்கீரின் கிழட்டு எருமை ஒன்று வெயிலுக்கு அந்த வக்கடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இடம் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது, அடுத்த நாளும் அங்கேயே வந்து படுத்தது. அந்தக் கிழமை ஏழு நாளும் படுத்தது. கீழே கதிர் தள்ளக் காத்துக் குடலைப் பருவத்தில் நின்ற மாமனாரின் பயிர் தண்ணீரில்லாமல் வாடியது.

"எருமயப் பழக்கி விட்டிரிக்கான்" என்றார் மாமனார்.

"எருமைக்கு நான் பாடமா எடுக்கிற?" என்றார் பக்கீர்.

மனைவியின் அண்ணனும் தங்கையின் புருசனுமான இரண்டு பேர், ஒன்றாக ஹஜ்ஜுக்குப் போவதாக நிய்யத்து வைத்திருந்தவர்கள், அதோடு பேச்சுவார்த்தை இல்லாமல், கதையாமல் விட்டார்கள்.

இப்படிப்பட்ட சண்டைகளுக்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. பெருநாள் வரும். தொழுகை முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து இரண்டு பேரையும் முகத்துக்கு முகம் நிறுத்தி, கையோடு கை கொடுக்க வைப்பார்கள். பிறகு ஒரு வீட்டில் ஒரே ஸஹனில் இருத்துவார்கள். ஸஹன் என்றால் பெரிய தட்டம். ஒரு தட்டத்துச் சோற்றைச் சுற்றியிருந்து ஐந்தாறு பேர் சாப்பிடுவது. ஒருவர் இறைச்சியைப் பிய்த்து மற்றவர் பக்கம் தள்ளிவிட்டால் விசயம் முடிந்தது. ஏன் வந்தது, யார் பிழை என்று யாரும் தோண்ட மாட்டார்கள். தோண்டினால் சோறு ஆறிவிடும்.

அந்த வருடத்து நோன்புப் பெருநாளுக்கு ஜேபி எல்லாம் ஒழுங்கு பண்ணியிருந்தார். இரண்டு கிழவர்களும் சம்மதம். பெருநாள் சமையல் ஆட்டிறைச்சியா மாட்டிறைச்சியா என்று தன் தங்கை கைருன்னிஸாவிடம், அதாவது என் மாமியாரிடம், பக்கீர் ஆள்விட்டு விசாரித்ததும் எனக்குத் தெரியும்.

நோன்பு தொடங்கிய கிழமை காலிதீன் டேப் ரெக்கோர்டரோடு வந்து இறங்கினார்.

ஆய்வுக் கட்டுரைக்கு உயிரோடு இருக்கிற ஒரு முரண்பாடு வேண்டும் என்று அவருடைய பேராசிரியர் சொல்லியிருந்தாராம். கூடப் படித்தவர்கள் அயர்லாந்துக்கும் சைப்பிரஸுக்கும் போனார்கள். காலிதீன் சாய்ந்தமருதுக்கு வந்தார். தன்னுடைய வாப்பாவும் வருங்கால மாமனாரும் கதையாமல் இருக்கிறார்கள் என்று கேட்டதும் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். பிறை கண்டவர்கூட அவ்வளவு பூரிக்க மாட்டார்.

அன்றிலிருந்து நோன்பு துறந்து, கஞ்சி குடித்து முடிந்ததும் அவர் வந்துவிடுவார். ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. தாளில் இரண்டு வட்டம் கீறி, ஒன்றில் 'முதலாம் தரப்பு' என்றும் மற்றதில் 'இரண்டாம் தரப்பு' என்றும் எழுதினார். நடுவில் சின்ன வட்டமாக எருமை. அதற்கு 'மூன்றாம் தரப்பு' என்று பெயர் வைத்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பெருநாள் கிட்டியபோதுதான் ஸஹன் ஏற்பாடு அவருக்குத் தெரிய வந்தது. அன்று பின்னேரமே எங்கள் விறாந்தைக்கு ஓடி வந்தார்.

"மாமா, பெருநாளைக்கு நீங்களும் வாப்பாவும் சேரப் போறீங்களாமே?"

"ஓம் மனே. உனக்குச் சந்தோசந்தானே?"

"சந்தோசந்தான். ஆனா நான் இன்னம் ரெண்டாம் கட்டத்துக்கே வரல்ல." கையோடு கொண்டு வந்த வட்டத் தாளை விரித்துக் காட்டினார். "இப்ப முடிஞ்சா எழுத ஒண்டும் இல்ல மாமா. எரும படுத்தது, எரும எழும்பினது, அவ்வளவுதான். இதுக்குப் பட்டம் தரமாட்டாங்க."

மாமனார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவருக்குப் பள்ளிக்கூடச் சோதினை தெரியும். இன்ஸ்பெக்டர் வரும்போது வகுப்பு வகுப்பாக இருக்க வேண்டும், அவர் போகும்வரை யாரும் எழும்பக்கூடாது. மருமகனாக வரப்போகிறவன் ஃபெயிலாகித் திரும்பினால் யாருக்கு வெட்கம்?

"எப்ப வரைக்கும் சண்ட வேணும் உனக்கு?"

"நான் திரும்பிப் போற வரைக்கும் இருந்தாப் போதும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்க விரும்பினபடி செய்யுங்க."

"சரி, பாப்பம்" என்றார் மாமனார்.

பக்கீர் முகைதீனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமோடு கதையாமல் இருக்கக்கூடாது என்றார். ஜேபி அதற்கும் வழி கண்டுபிடித்தார். கண்ட இடத்தில் ஸலாம் சொல்லிக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். இரண்டு கிழவர்களும் தெருவில் எதிர்ப்பட்டால் விறைத்துப்போய் நின்று, ஒருவர் ஸலாம் சொல்ல மற்றவர் பதில் சொல்லி, உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு தடவை மீன் வாங்குகிற இடத்தில் மாமனார் தன்னை மறந்து, "மச்சான், இந்தப் பாரையப் பாருங்க" என்று வாயெடுத்தார். மீன்காரன் பதறிப்போனான்.

"போடியார், தம்பிட சோதின முடியட்டும்!"

ஊரே இப்படித்தான் சேர்ந்துகொண்டது. நம்மட புள்ள பாஸாகட்டும் என்று சண்டையைக் காவல் காத்தார்கள். முன்பு சேர்த்து வைக்க ஓடித் திரிந்த ஜேபிதான் இப்போது காவலுக்குத் தலைமை. பள்ளிவாசலில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார். பெருநாளும் வந்தது. மாமியார் ஆக்கிய ஆட்டிறைச்சியை நாங்களே இருந்து சாப்பிட்டோம். பக்கீருக்கென்று எடுத்து வைத்த பங்கை மாமியார் பின்னேரம் வரைக்கும் மூடி வைத்திருந்துவிட்டுக் கடைசியில் எனக்கே போட்டார். 

"மச்சான், பட்டம் கிடைச்சா இவங்கட சண்ட தானா முடிஞ்சிருமா?" என்று லைலா என்னிடம் கேட்டாள்.

"நடிப்புத்தானே, முடிஞ்சிரும்" என்றேன். அப்போது நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பெருநாளுக்குப் பிறகு காலிதீன் இரண்டாம் கட்டத்துக்கு வந்தார். இது வேர்க் காரணங்களைத் தேடுகிற கட்டம். எருமை மேலே தெரிகிற காரணம் மட்டும்தானாம். அடியில் வேறு இருக்க வேண்டுமாம். "இதுக்கு முன்னம் உங்களுக்கு மனம் நொந்தது எப்ப?" என்று கேட்பார். சொன்னால், "அதுக்கும் முன்னம்?" என்பார். அவர்களும் பிள்ளையின் படிப்புக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்து, முப்பது வருடத்து மனக்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். குறை இல்லாத இடத்தில் பிள்ளை முகம் வாடுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் யோசித்து எடுத்தார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பின் மனதைக் காதால் கேட்க வேண்டும், கேட்டால் மனம் இளகும் என்று அவருடைய புத்தகம் சொன்னது. ஒரு பின்னேரம் எங்கள் விறாந்தையில் டேப்பை வைத்து, பக்கீரின் குரலைப் போட்டார். மாமனார் கதிரையில் சாய்ந்திருந்தார். மாமியார் கதவு நிலையில் நின்றார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஆதம்பாவாவ எங்கட வாப்பாக்குப் புடிக்கல்ல" என்றது டேப். "தங்கச்சிக்கு வேற மாப்பிள பாத்திரிந்தம். கடேசி நேரத்தில அந்தாள் வரல்ல. பந்தலும் போட்டாச்சி, ஊரும் வந்திட்டு. மறுகா நாந்தான் இவனப் போய்க் கூட்டித்து வந்து இருத்தின. பாவம், வேற ஒருத்தரும் கேக்காத மனிசன்."

மாமனார் எழும்பி உட்கார்ந்தார். தன்னைத் தேடி வந்து மாப்பிள்ளை கேட்டார்கள் என்று எத்தனையோ தரம் எங்களுக்குச் சொன்ன மனிதர் அவர். கதவு நிலையைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். மாமியார் உள்ளே போனார். முப்பது வருடமாக அந்தப் பெண் வாய்க்குள் பூட்டி வைத்திருந்ததை ஒரு பெட்டி சொல்லிவிட்டது. காலிதீனைக் கழுத்தில் பிடித்து வெளியே தள்ளலாமா என்று எனக்கு வந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து அவர் நேரே தங்கள் வீட்டுக்குப் போய் மாமனாரின் குரலைத் தன் வாப்பாவுக்குப் போட்டுக் காட்டினார். அதில் என் மாமனார் சொல்லியிருந்தது இது: "சீமையில படிச்சா என்ன? மாப்பிளையா வந்தா நான் கட்டின கூரைக்குக் கீழதான் கிடக்கோணும். எழும்பு எண்டா எழும்போணும், இரி எண்டா இரிக்கோணும். பக்கீர் மகனப் பெத்தது எனக்கு வேல செய்ய."

அந்தக் கூரைக்குக் கீழே பல வருடமாகக் கிடக்கிறவன் என்ற முறையில் எனக்கும் இதைப் பற்றிச் சொல்ல இருந்தது. ஆனால் நான் எந்தத் தரப்பும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து ஸலாமும் நின்றது. மாமனார் வெள்ளிக்கிழமை வேறு பள்ளிவாசலுக்குப் போனார். மாமியாரோடும் பேச்சில்லை, தேத்தண்ணி வேண்டுமென்றால் சுஹறாவிடம் கேட்பார். தன் மகன் அந்த வளவுக்குள் மாப்பிள்ளையாகக் கால் வைக்கமாட்டான் என்று பக்கீர் கடைத்தெருவில் நின்று சொன்னார். ஜேபி இரண்டு வீட்டுக்கும் நடந்து பார்த்தார். இந்தத் தடவை யாரும் நடிக்கவில்லை என்று விளங்கியதும் முத்திரைப் பெட்டியை மூடிக்கொண்டு கடையிலேயே இருந்துவிட்டார்.

காலிதீனுக்குக் கவலைதான், பொய் சொல்லக்கூடாது. முகம் கறுத்துப் போய்த்தான் திரிந்தார். ஆனாலும் எழுதுவதை விடவில்லை. 'தீவிரமடைதல்' என்ற அத்தியாயம் மிகவும் நன்றாக வந்திருக்கிறது என்று என்னிடமே சொன்னார்.

புறப்படுவதற்கு முதல் நாள் எங்கள் வளவுக்குப் பயணம் சொல்ல வந்தார். மாமனார் உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. நான் மரத்தடியில் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். லைலா அந்தப் புது வீட்டு வாசலில் விளக்குமாறோடு நின்று காலிதீனிடம் கேட்டாள்.

"மச்சான், டேப்புல எல்லாரும் கதைச்சிட்டாங்க. எரும மேய்க்கிற ஆளும் கதைச்சிட்டாராம். எனக்கிட்ட ஒண்டும் கேக்கல்லியே?"

"நீ ஒரு தரப்பு இல்லியே லைலா" என்றார் காலிதீன்.

"அப்ப நான் யாரு?"

அவர் நேர்மையாக யோசித்தார். "பாதிக்கப்படக்கூடிய ஆக்கள் எண்டு ஒரு பிரிவு இரிக்கி. அதில நீ வருவா."

லைலா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "சரி. போக முன்ன ஒரு வேல செய்யுங்க. வாப்பாக்கிட்டயும் மாமாக்கிட்டயும் போய், நான் தோண்டினது பிழ, போட்டுக் காட்டினதும் பிழ எண்டு செல்லுங்க. அவங்க உங்களுக்காகத்தான் சண்டைய முடிக்காம வெச்சிரிந்த. நீங்க கேட்டா விட்டிருவாங்க."

"எனக்கும் விருப்பந்தான். ஆனா ஆராயிற ஆள் தலையிடக்கூடா லைலா. நான் போய்ச் சேத்து வெச்சா முடிவு என்னால வந்ததாப் போகும். ஆய்வு செல்லாது. பேராசிரியர் இதக் கட்டாயமாச் சொல்லித்தான் அனுப்பினவர்."

சமாதானம் படிக்கப் போனவர் சமாதானம் செய்யக்கூடாது என்று அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன். கையில் கறுப்பு எண்ணெயோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

"அப்ப நம்மட கலியாணம்?" என்று கேட்டாள். எங்கள் பெண்கள் மூன்றாம் ஆள் நிற்கும்போது கேட்கிற கேள்வி அல்ல அது. கேட்டுவிட்டாள்.

"பட்டத்தோட வாறன். அப்ப எல்லாருக்கும் மனம் மாறும். கொஞ்சம் பொறு."

"எவ்வளவு?"

"எழுதி முடிக்கிற வரைக்கும்" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. அடுத்த நோன்பும் வந்து போனது. இரண்டு வீட்டிலும் ஒருவரும் அசையவில்லை. எண்பத்தொன்றில் தந்தி வந்தது: காலிதீன் திறமைச் சித்தியோடு பாஸ். பக்கீர் முகைதீன் தெரு முழுக்கத் தொதல் இனிப்புக் கொடுத்தார். எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். ஆனால் காலிதீன் உடனே வரவில்லை. ஆய்வை ஒரு மகாநாட்டில் வாசிக்கக் கேட்டிருக்கிறார்களாம், எருமைப் பகுதி எல்லாருக்கும் மிகவும் பிடித்திருந்ததாம். இன்னும் சில மாதம் சுணங்கும் என்று சொல்லியனுப்பினார்.

அந்தக் கிழமைதான் மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மக்கீன் என்று ஒருவர், சொந்தமாகத் தறிகள் போட்டு நடத்துகிறவர். மாமனார் இழுத்தடித்தார். பேசி வைத்த சொல் அவர் நெஞ்சுக்குள் இன்னும் கிடந்தது. லைலா எல்லாரும் இருக்கத்தக்கதாக, "எனக்குச் சம்மதம் வாப்பா" என்றாள். அடுத்த நாள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பக்கீர் முகைதீனின் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, நான் மருதமுன ஆள முடிக்கப் போறன்" என்றாள்.

பக்கீர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வாப்பா கூரையப் பத்திச் சொன்னது உங்கட மகன் அங்க மாப்பிளையா வந்தாத்தானே உங்களுக்கு வெக்கம்? அவரு வரப்போறல்ல. இனி அந்தச் சொல்லு ஒருத்தருக்கும் இல்ல. சண்டைக்கு வேர் வேர் எண்டு தேடினாரே, அது என்ட கலியாணந்தான் மாமா. நான் அதப் புடுங்கிட்டன்."

"அல்லாஹ், என்ன புள்ள கதைக்கிறா?"

"நீங்க சொன்னதக் கேட்ட நாள்ள இருந்து வாப்பா உம்மாவோட கதைக்கிறல்ல. தாய்மாமனும் என்ட கலியாணத்துக்கு வராட்டி உம்மா இனித் தல நிமிரமாட்டா. நீங்க வரோணும்."

அந்தக் கிழவர் தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "மகனுக்கு நான் என்னண்டு சொல்லுற?" என்று கேட்டார்.

"சண்ட முடிஞ்சிட்டு எண்டு சொல்லுங்க. அவருக்கு எழுதத் தேவப்படும்" என்றாள் லைலா.

பக்கீர் வந்தார். கலியாணத்துக்கு முதல் நாளே வந்து, மாமனாரின் கையைப் பிடித்தார். "பாவம் பாத்து உன்னக் கூட்டித்து வரல்ல மச்சான். வேற மாப்பிள வராமப் போனது என்ட தங்கச்சிட நல்ல காலம் எண்டு நினைச்சித்தான் ஓடி வந்தன். அந்தப் பெட்டி முன்னால இருந்தா வாய் வேற கதைக்குது" என்றார். மாமனார் அந்தக் கையை விடவில்லை. உள்ளே பார்த்து, "கைருன்னிஸா, காக்காக்குத் தேத்தண்ணி கொண்டு வா" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு மாமியாரின் பெயர் அந்த வீட்டில் கேட்டது. அவர் குசினியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சுஹறா சொன்னாள். அடுத்த நாள் இரண்டு பேரும் ஒரே ஸஹனில் இருந்தார்கள். நானும் அதே ஸஹன்தான். வயிறு நிறையச் சாப்பிட்டேன், ஆனாலும் மனம் நிறையவில்லை.

மகனுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கீருக்கு வாய் வரவில்லை. ஜேபி தன்னால் ஏலாது என்றார். காலிதீன் பட்டத்தோடு வந்து இறங்கியது கலியாணம் முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு. பெட்டியைத் தங்கள் வீட்டில் வைத்துவிட்டு, வெளியே போயிருந்த வாப்பாவுக்குக் காத்திராமல் நேரே எங்கள் வளவுக்கு வந்தார். கையில் அழகான தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொதி இருந்தது. விறாந்தையில் அவருடைய வாப்பாவும் என் மாமனாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

காலிதீன் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். அந்தச் சந்தோசம் உண்மையான சந்தோசம்.

"வாப்பா! மாமா! எப்ப? எப்பிடித் தீர்ந்தது இது?"

இரண்டு கிழவர்களும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"ஆர் தலையிட்டது? ஜேபி காக்காவா?" ஒரு கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தார். "நடந்தத முதல்ல இருந்து சொல்லுங்க. எந்த இடத்தில திரும்பினது எண்டு எனக்குத் தெரியோணும்."

பக்கீர் வெற்றிலையை மறுபடி மடித்தார். சொல்லிவிடுவோமா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வளவுக்கு அந்தப் பக்கம் புது வீட்டுக் கதவு திறந்தது. யன்னல்களில் நீலச் சீலை ஆடியது. கொடியில் ஆம்பிளை இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று காய்ந்தது. மக்கீன் உள்ளே யாரோடோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. லைலா தட்டில் தேத்தண்ணியோடு முற்றத்தைக் கடந்து வந்து, முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, காலிதீனுக்கு முன்னால் நின்றாள்.

"வாங்க காக்கா" என்றாள். "பயணமெல்லாம் சுகமா?"

காக்கா என்பது கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுகிற சொல். வேறு யாருக்கும் மரியாதைக்குச் சொல்லலாம். தாய்மாமன் மகனுக்கு மட்டும் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். அவள் யாரை முடித்தாலும், எத்தனை பிள்ளை பெற்றாலும், அவன் மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை அவளுக்கு மச்சான்தான்.

காலிதீன் அவளைப் பார்த்தார், திறந்திருந்த அந்தக் கதவைப் பார்த்தார், கொடியில் கிடந்த சாரத்தைப் பார்த்தார். பொதியை மடியிலிருந்து எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார். எப்படித் தீர்ந்தது என்று அதற்குப் பிறகு அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை.